ஏழாம் எண் அட்டை

"இன்னைக்கு ஒத்தைப்படையா, ரெட்டைப்படையா?"

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். சமையலறை வாசலில் நின்று, தீக்குச்சியால் நகத்திடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே அவர் கேட்டார். நான் டம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒத்தைதான். அஞ்சு பேரு."

"அப்போ எனக்கு இன்னைக்கும் பள்ளிக்கூடம் உண்டு."

"சட்டைய மாத்திட்டு வாங்க. ஒன்பதாங்கிளாஸ் பையன் கிரீஸ் சட்டை போட்டுட்டா வருவான்?"

"வருவான். அப்பன் மெக்கானிக்கா இருந்தா வருவான்."

நாங்கள் பயமில்லாமல் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு இதுதான். இதற்குப் பிறகு பேசிய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு பயம் இருந்தது. அவருடைய பயம் எனக்கும், என்னுடைய பயம் அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் மனசு சம்பந்தமான வேலை பார்க்கிறேன். கவுன்சிலர் என்பார்கள். கடைசி எட்டு வருடமாக, அந்தப் படிப்பு படிக்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் வேலை. கல்லூரி வருடா வருடம் சிலரை அனுப்பும். மூன்று மாதம் என்னிடம் பழகிவிட்டு, அப்புறம் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் போவார்கள். சனிக்கிழமையில் கல்லூரியைப் பூட்டிவிடுவதால், வகுப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில்.

பயிற்சியில் பாதி நடிப்பு. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கவுன்சிலர், ஒருவர் மாணவர். மாணவராக இருப்பவருக்கு ஓர் அட்டை கொடுப்பேன். அந்தப் பிள்ளையின் வயது, வீடு, கஷ்டம் எல்லாம் அதில் இருக்கும். மற்றவர் அட்டையைப் பார்க்காமல் பேசிப் பேசி அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டைகள் மொத்தம் பன்னிரண்டு. எல்லாம் நானே எழுதியவை, கெட்டியான ரோஸ் காகிதத்தில்.

ஐந்து பேர் வந்தால் ஒருவர் மிச்சம். அந்த ஒருவருக்கு எதிரே உட்காரத்தான் என் வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருட சர்வீஸ். சனிக்கிழமை அரை நாள் எனக்காக லீவு போடுவார். நடிப்பில் கில்லாடி. வாயே திறக்காத பிள்ளை, வாய் மூடாத பிள்ளை, பாக்கெட்டில் பீடி வைத்துக்கொண்டு இல்லை என்கிற பிள்ளை, எல்லாம் செய்வார். ஒருமுறை தலைமை ஆசிரியராக உட்கார்ந்து, "எங்க ஸ்கூல்ல மனசுன்னு ஒண்ணு கெடையாதும்மா, மார்க் மட்டும்தான். வேற எங்கயாச்சும் போயி பாருங்க" என்றார். எதிரே இருந்த பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து ஓடிவிட்டாள்.

"சாரு எத்தன வருஷமா இதே கிளாஸ்?" என்று பயிற்சிக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

"எட்டு வருஷம். இந்த டீச்சர் பாஸ் போட மாட்டேங்குது."

அந்த வருடம் வந்த ஐந்து பேரில், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்த நர்ஸம்மா ஒருவர். பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர் ஒருவர். ஒரே ஸ்கூட்டரில் வருகிற சிநேகிதிகள் இருவர். ஐந்தாவது ஒரு சின்னப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். நான் இருமினாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். என் வீட்டுக்காரர்தான் அவளுக்கு நோட்டு என்று பேர் வைத்தார். கை நடுங்கும். கேள்வி கேட்கும்போது குரல் உள்ளே போய்விடும். கல்லூரியிலிருந்து அவளைப் பற்றி, "இந்தப் பொண்ணு தேறுமான்னு பாருங்க" என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தச் சமயம் என் வீட்டுக்காரர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்கு முன்னால், அவர் பராமரிப்பில் இருந்த ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்திருக்கும்போதே நகர்ந்துவிட்டது. உள்ளே கால் வைத்த மனுஷர், துணிக்கடையில் வேலை பார்க்கிறவர், மாட்டிக்கொண்டார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். விசாரணை நடந்தது. பிரேக்கில் இருந்த உதிரி பாகம் செய்யும்போதே பழுது, மெக்கானிக் தவறு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"என் மேல தப்பு இல்லையாம்" என்றார்.

'இல்லை' என்று அவர் சொல்லவில்லை, 'இல்லையாம்' என்றார். காதில் விழுந்தது. அதற்கு மேல் போகவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தெளிந்த மாதிரி இருந்தார். வீட்டில் ஓயாமல் வேலை செய்தார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மாற்றினார். கேட்டுக்கு பெயின்ட் அடித்தார். சுவிட்ச் போர்டில் எது எந்த அறைக்கு என்று சின்னச் சின்னக் காகிதம் எழுதி ஒட்டினார். பம்ப் மோட்டார் ஓடாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணோடு எழுதி ஃபிரிட்ஜில் மாட்டினார். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர எங்க வீட்டுக்கும் ஒரு வாரம் அனுப்புங்களேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதே விஷயத்தை ஒரு தாய் என்னிடம் வந்து, 'என் பையன் திடீர்னு எல்லாத்தையும் அடுக்கி வெக்கிறான், சைக்கிள தம்பிக்குக் குடுத்துட்டான்' என்று சொல்லியிருந்தால், நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

அன்று சனிக்கிழமை, ஏழாம் எண் அட்டை. பயிற்சியில் எல்லாரும் பயப்படுகிற அட்டை அது. திங்கட்கிழமை அவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டியிருந்ததால், இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'ஒன்பதாம் வகுப்புப் பையன். தரைத்தள வீடு. அப்பா, அம்மா, தங்கை. இரண்டு மாதமாக விளையாட வருவதில்லை. செத்துவிடலாம் போல இருக்கிறது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதை வகுப்பாசிரியர் பார்த்துவிட்டார்.'

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன். பேங்க்காரர் முதலில் உட்கார்ந்தார். எதிரே நர்ஸம்மா, பையனாக. ஏழு நிமிடத்துக்கு அடுப்படி டைமரைத் திருகி வைத்தேன்.

பேங்க்காரர் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்தார். "தம்பி, நீ நல்ல பையன். அப்படியெல்லாம் தப்பா ஒண்ணும் யோசிக்கலைல்ல?"

"இல்ல சார்" என்றார் நர்ஸம்மா.

"ரொம்ப சந்தோஷம்!"

ஸ்கூட்டர் சிநேகிதிகள் சிரித்துவிட்டார்கள். நான் சிரிக்கவில்லை.

"சார், நீங்க கேள்வி கேக்கல. கெஞ்சுறீங்க. 'இல்லன்னு சொல்லிடுப்பா, நான் நிம்மதியா வீட்டுக்குப் போறேன்'னு கெஞ்சுறீங்க. பையனுக்கு உங்க பயம் தெரியுது. உங்கள பயமுறுத்த வேணாம்னு அவன் இல்லன்னு சொல்லிடுறான்."

"நேரடியா கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே தூண்டிவிட்ட மாதிரி ஆயிடாதா மேடம்?"

"ஆகாது. எல்லாரும் அப்படித்தான் பயப்படுறாங்க. கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு வராது. இருக்கறவனுக்கு, அப்பாடா ஒருத்தராச்சும் கேட்டாங்களேன்னு இருக்கும். எதிர்ல உக்காரணும். கைல வேற வேலை வெச்சுக்கக் கூடாது. மொகத்தப் பாத்து, 'செத்துப்போகணும்னு தோணுதா'ன்னு அந்த வார்த்தையச் சொல்லியே கேக்கணும். கேட்டுட்டு வாய மூடிட்டு இருக்கணும்."

நோட்டு இதை எல்லாம் எழுதிக்கொண்டாள். அடுத்து அவள் முறை. எதிரே அவர்.

அந்த நாற்காலி ஆடும். வகுப்புக்கு முன்னால்தான் அதன் காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டை வைத்திருந்தார். உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, அட்டையைப் படித்தார். கொஞ்ச நேரம் படித்தார். அப்புறம் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

நான் டைமரைத் திருகிவிட்டு நோட்டின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பயிற்சி கொடுக்கிறவள் கேட்கிறவரைத்தான் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறது, கை என்ன செய்கிறது, மௌனத்தைத் தாங்குகிறாளா, எல்லாவற்றுக்கும் என் தாளில் கட்டம் உண்டு. பதில் சொல்கிறவருக்குக் கட்டமே கிடையாது. எட்டு வருடமாக அந்தப் பழக்கம். அதனால் அடுத்த ஏழு நிமிடமும் என் புருஷனின் குரல் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது. முகம் இல்லை.

"தூக்கம் வருதா?" என்றாள் நோட்டு.

"படுத்ததும் வருது. விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது. அப்புறம் யோசிச்சிட்டே கெடப்பேன்."

"என்ன யோசிப்ப?"

"ஒரு வேலைய முடிச்சனா, முடிக்காம விட்டுட்டனான்னு."

"ஹோம்வொர்க்கா?"

"ஆமா. ஹோம்வொர்க்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எல்லாரும் உன் மேல தப்பில்லைங்கிறாங்க. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

"மனசு சரியில்லன்னா என்ன பண்ணுவ?"

"மேல போயி உக்காந்துக்குவேன். அங்க சத்தமே இருக்காது. காத்து மட்டும்தான்."

"மேலன்னா?"

"மேலதான்."

நோட்டு ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். என் தாளில் அதைக் குறித்தேன். நீண்ட மௌனம். பரவாயில்லை, தாங்குகிறாள் என்று அதையும் குறித்தேன். பிறகு அவள் கேட்டாள். குரல் உள்ளே போகவில்லை.

"செத்துப்போகணும்னு தோணுதா?"

"தோணுது."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா."

"வீட்ல எல்லாரும்…"

"அவங்களுக்கு ஒண்ணும் கொறை வராது. எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிட்டேன்."

"எப்போன்னு ஏதாவது மனசுல வெச்சிருக்கியா?"

டைமர் அடித்தது.

அந்தக் கேள்விக்கு அவர் வாய் திறந்தாரா, இல்லையா? எனக்குத் தெரியாது. நான் கையைத் தட்டிவிட்டேன். "சபாஷ்! பாத்தீங்களா? இதுதான் கேக்கறதுங்கறது." எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்கூட்டர் சிநேகிதிகளில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நெஜமாவே பயந்துட்டேன் சார். நீங்க சினிமாவுக்குப் போயிருக்கணும்."

"பாஸா, ஃபெயிலா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"அவ பாஸ்."

"நான்?"

"நீங்க எப்பவும் போலத்தான்."

ஒரு விதி இருக்கிறது. நடித்து முடித்ததும், மாணவராக இருந்தவர் அட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்து, தன் சொந்தப் பேரைச் சொல்லி, 'நான் அந்தப் பையன் இல்லை' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வேஷம் கலைப்பது என்போம். இல்லாவிட்டால் அந்தத் துக்கம் ஆள் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நர்ஸம்மாவைச் சொல்ல வைத்தேன். அவரைச் சொல்ல வைக்கவில்லை. எட்டு வருடமாக ஒருநாளும் வைத்ததில்லை. அவர் பயிற்சிக்கு வந்தவர் இல்லையே. வேஷம் முடிந்ததும் டீ போடப் போய்விடுவார். அன்றும் போனார். அட்டையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டீ குடித்துவிட்டு எல்லாரும் மழை விடுவதற்காக வாசலில் நின்றார்கள். நோட்டு மட்டும் உள்ளே வந்தாள்.

"மேடம், சார் சொன்னது அட்டைல இல்ல மேடம்."

"நீ எப்போ அட்டையப் பாத்த?"

"நர்ஸம்மா கைல இருந்தப்போ எட்டிப் பாத்துட்டேன். தப்புதான். அதுல ரெண்டு மாசம்னு இருந்துச்சு. சார் நாலு மாசம்னாரு. வீடு தரைத்தளம். சார் மேல போயி உக்காருவேன்னாரு."

"அவர் எப்பவும் சொந்தமா சேத்துக்குவாரும்மா. அதான் அவர் நடிப்பே."

"சரிங்க மேடம்." நின்றாள். "இருந்தாலும் மேடம்…"

"நீ இன்னைக்கு நல்லா பண்ண. போய் ரெஸ்ட் எடு."

போய்விட்டாள். ஆனால் அவள் சொன்னது போகவில்லை. நாலு மாசம். எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை உடனே அழித்தேன். நாற்காலிகளை அடுக்கினேன். கூடத்தைப் பெருக்கினேன். அவர் பால்கனியில் காயப்போட்டிருந்த தன் கையுறைகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணி இருக்கும். நான் தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் நான் கேட்டேன்.

"என்னங்க, காலைல சொன்னீங்களே… உங்களுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைல்ல?"

கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரியும். பேங்க்காரரை எதற்குத் திட்டினேனோ அதையே செய்தேன். எதிரே உட்காரவில்லை. கையில் வேலை இருந்தது. முகம் பார்க்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கெஞ்சினேன்.

"இல்லம்மா" என்றார். அடுத்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. முட்டை பொரித்து ரொட்டி சுட்டேன். இரண்டு முட்டை சாப்பிட்டார். எங்கள் மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவளிடம் போனில் அரை மணி நேரம் பேசினார். "லிஃப்ட்ல போகும்போது கதவு முழுசா நின்னப்புறம் ஏறு" என்று சொன்னது கேட்டது. அதை அவர் அவளுக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டார். "ஒரு சர்வீஸ் கால் வந்துருக்கு. போயிட்டு வந்துடுறேன்." மெக்கானிக்குக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன. நான் வாசல்வரைகூடப் போகவில்லை.

ஒன்பதரைக்கு அழைப்பு மணி அடித்தது. நோட்டு. தலை ஈரமாக இருந்தது. தூங்கின முகமில்லை.

"மேடம், திட்டுனாலும் பரவால்ல. நேத்து சார் பேசுனத அப்படியே எழுதி வெச்சிருக்கேன். அத ஒரு தடவ படிக்கிறேன். நீங்க கேளுங்க. அவ்ளோதான். போயிடுறேன்."

"உள்ள வாம்மா."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே படித்தாள். ஒப்பிக்கிற மாதிரி. முடிச்சனா முடிக்காம விட்டுட்டனான்னு. எல்லாரும் உன் மேல தப்பில்லைங்கிறாங்க. மேல போயி உக்காந்துக்குவேன், காத்து மட்டும்தான். நாலு மாசமா. எல்லாத்தையும் சரி பண்ணி வெச்சிட்டேன்.

நேற்று ஒரு பையன் சொன்னதாகக் கேட்டவை. அவள் வாயில் கேட்கும்போது பையனைக் காணோம். பிரேக்கைச் சரிபார்த்தோமா என்று விடியுமுன் விழித்துக் கிடக்கிற ஆள் ஒருவர் இருந்தார். மேலே என்பது மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும் மோட்டார் அறை. அவர் மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவார், காற்று வரும் என்பார். எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட அதில் இல்லை.

"நீ கேட்ட கடைசிக் கேள்வி?" என்றேன்.

"எப்போன்னு மனசுல வெச்சிருக்கியான்னு. பதில் இல்ல மேடம். மணி அடிச்சிடுச்சு."

லிஃப்ட் விபத்தை அவளிடம் இரண்டு வரியில் சொல்லிக்கொண்டே அவருக்குப் போன் போட்டேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. மறுபடி. அவரோடு வேலை பார்க்கிற கூட்டாளிக்குப் போட்டேன். இருபது வருடமாக என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"என்னக்கா, ஞாயித்துக்கெழமையில?"

"அவர் எந்த பில்டிங் போயிருக்காரு?"

"எந்த பில்டிங்கும் இல்லையேக்கா. இன்னைக்குக் கால் எதுவும் வரல. வந்தா எனக்குத்தான் மொதல்ல வரும்."

நோட்டு கையை நீட்டினாள். அவள் என் போனை வாங்கிப் பேசினாள். தெளிவாகப் பேசினாள். "அண்ணா, நாலு மாசம் முன்னாடி ஒரு கேஸ் ஆச்சுல்ல, அந்த பில்டிங் எங்க இருக்கு? நீங்க உடனே அங்க போங்க. நாங்களும் வர்றோம். வழியிலேயே வாட்ச்மேனுக்குப் போன் பண்ணி யாரையாவது மேல அனுப்புங்க." பிறகு ஆம்புலன்சுக்கு அவளே சொன்னாள். என் காலில் செருப்பையும் அவள்தான் மாட்டிவிட்டாள்.

ஆட்டோவில் போகும்போது, பயப்படாதீங்க என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு மேடம்" என்றாள். "எனக்கும்" என்றேன். சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் மறுபடி அவர் எண்ணைப் போட்டேன். காரணமே இல்லாமல் அந்த டைமர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஏழு நிமிடம். எட்டாக வைத்திருந்தால்?

கட்டடத்தின் கீழே லிஃப்டுக்கு முன்னால் அவர் போர்டு மாட்டியிருந்தது. 'ஆள் வேலை செய்கிறார்.' அவர் கையெழுத்து. மெயின் சுவிட்சை அணைத்திருந்தார். அவர் என்றும் செய்கிற வேலைமுறை. கூட்டாளி அப்போதுதான் வந்து இறங்கினார். படியில் ஏறினோம். பதினோரு மாடி. நாலாவதில் எனக்கு மூச்சு வாங்கியது. ஏழாவதில் ஒரு வீட்டுக் கதவு திறந்து, "ஏங்க, லிஃப்ட் எப்போ ஓடும்?" என்று ஒருவர் கேட்டார். நாங்கள் நிற்காமல் ஏறினோம். மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு ஜோடி பூட்ஸின் தடம்கூட இல்லை, தண்ணீரில் எங்கே தடம் இருக்கும், ஆனாலும் நான் தேடினேன். மோட்டார் அறைக்கு இரும்பு ஏணி. வாட்ச்மேன் அதன் அடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

கூட்டாளி ஏறினார். உள்ளே போனார். வெளியே வந்து, ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் அகலமாக விரித்தார்.

"வேணாங்கக்கா. வராதீங்க."

எப்படி என்பதை நான் எழுதப்போவதில்லை. எப்படி என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன். அவருடைய சட்டைப் பையில் விசாரணைக் கடிதமும், ரோஸ் நிற அட்டையும் இருந்தன. வேறு எதுவும் எழுதி வைக்கவில்லை.

மகள் மதியம் வந்து சேர்ந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், மாவு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே திரும்பினாள்.

"ஊர்ல இருக்கற பிள்ளைங்ககிட்ட எல்லாம் கேப்ப. அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கலையாம்மா?"

"கேட்டேன்."

"என்னன்னு கேட்ட?"

சொன்னேன். தொட்டி, தண்ணீர், முதுகு, எல்லாவற்றையும். அவள் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நானும்தாம்மா" என்றாள். "ஒரு மாசமாவே அவரு குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நீ பாத்துக்குவன்னு விட்டுட்டேன். நீதான டாக்டரு மாதிரி."

ஐந்து பேரும் அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். கல்லூரியில் வேறு பயிற்சியாளரை ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். நான் சரி என்றேன். யாராவது டீ டம்ளரைத் துடைத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். மகள் ஒரு நிமிடம் போன் எடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன்.

எனக்கு நோட்டை நினைத்துத்தான் அதிக பயம். நல்லபடியாகக் கேட்டு, சரியான பதிலையும் வாங்கி, எடுத்தும் சொன்ன பெண். அப்படியும் இப்படி ஆனால், அவள் மனசில் என்ன தங்கும்? கூப்பிட்டு அனுப்பினேன். எதிரே உட்கார்ந்தேன். கையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"நீ கேட்ட. நீ சொன்ன. கேக்காம விட்டது நான். இத நீ நோட்டுல எழுதிக்க."

அவள் எழுதவில்லை. "அன்னைக்கு ராத்திரியே வந்திருக்கணும்னு தோணுது மேடம். காலைல வரைக்கும் ஏன் இருந்தேன்னு தோணுது."

"எனக்கும் தோணுது. டைமர், டம்ளர், எல்லாமே தோணுது. உனக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "இல்ல மேடம். தூங்க முடியல. பயமா இருக்கு. ஆனா அது இல்ல."

"சரி. அடுத்த வாரமும் கேப்பேன்."

"கேளுங்க."

அடுத்த மாதம் அவள் பள்ளிக்கூடம் போனாள். முதல் வாரமே ஓர் எட்டாம் வகுப்புப் பெண். நோட்டு சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு அழறதப் பாத்ததும் பயம் வந்துடுச்சு. 'அப்படி எல்லாம் எதுவும் நெனைக்கலைல்ல'ன்னு கேட்டுட்டேன். இல்லன்னு சொல்லிட்டு எழுந்து கதவு வரைக்கும் போயிட்டா."

"அப்புறம்?"

"கூப்பிட்டேன். 'நான் கேட்டது சரியில்ல, பயத்துல கேட்டுட்டேன், திரும்பக் கேக்குறேன், உக்காரு'ன்னேன். உக்காந்தா. திரும்பக் கேட்டேன். சொல்லிட்டா. அவங்கம்மாவ வரவெச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயி விட்டுட்டு வர்றேன். அம்மா பக்கத்துலயே இருக்காங்க."

திரும்பக் கேட்கலாம். என் பன்னிரண்டு அட்டையிலும், எட்டு வருட வகுப்பிலும் இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்று ஆறு மணிக்குக் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, 'என்னங்க, உக்காருங்க, திரும்பக் கேக்குறேன்' என்று சொல்ல எனக்கு ராத்திரி பத்து வரை நேரம் இருந்தது. காலை ஏழு வரை இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர்கள் என் வீட்டுக்கே வந்தார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. நர்ஸம்மா டீத்தூளோடு வந்தார். பேங்க்காரர் நாற்காலிகளை விரித்துப் போட்டார், ஆறு. ரப்பர் வைத்த நாற்காலியைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "போடுங்க சார்" என்றேன். எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். டைமரை எடுத்தேன், மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன். அட்டைகளை எடுத்தேன்.

"ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க" என்று பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

நாற்காலிகள் இழுபட்டன. ஸ்கூட்டர் சிநேகிதிகள் ஒரு ஜோடி. பேங்க்காரரும் நர்ஸம்மாவும் ஒரு ஜோடி. நோட்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே நாற்காலி காலியாக இருந்தது.

மறுபடி எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர். ஒற்றைப்படைதான்.